மேலே இன்னும் இடம் இருக்கு

ஜஹானாரா என்னிடம் முதன்முதலில் திட்டு வாங்கியது ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில், நான் வரைந்து கட்டி முடித்த ஒரு வீட்டின் வாசலில். அப்போது அவள் சிங்காரத்தோப்பில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். மணப்பெண்களின் முகப்பருவை அழிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர். கட்டடத்தைப் படம் எடுக்க ஊரில் சரியான ஆள் கிடைக்காத கடுப்பில் அவளைக் கூட்டிப் போயிருந்தேன். அவள் எடுத்துக் காட்டிய படத்தில் என் வீடு மேலே போகப் போக ஒடுங்கி, மல்லாந்து விழப் போவது போல் நின்றது.

“என்னம்மா இது? வீடு மயக்கம் போட்டு விழுதா?” என்றேன்.

“தெரு சின்னது மேடம். பின்னாடி போக இடமில்ல. கேமராவைத் தூக்கினாத்தான் மாடி வருது, தூக்கினா சாயுது” என்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கேமராவைத் தூக்கியும் இறக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் சொன்னது சரிதான். எங்கள் தொழிலில் இது பழைய தலைவலி. கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்களின் கோடுகள் உச்சியில் ஒன்றை ஒன்று தேடிப் போகும். அண்ணாந்து பிடிக்காவிட்டால் பாதி வீடும் மீதி தார் ரோடும்தான் கிடைக்கும். இதற்கென்றே டில்ட்-ஷிஃப்ட் என்று ஒரு லென்ஸ் உண்டு. கேமரா அசையாமல் நேராக நிற்கும். பக்கத்தில் உள்ள திருகைத் திருகினால் லென்ஸ் மட்டும் மேலேயோ பக்கவாட்டிலோ நகரும். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கிப் பார்க்கிற மாதிரி. வீடு எப்படி நிற்கிறதோ படத்திலும் அப்படியே நிற்கும். அதை அவளிடம் சொல்லி, “அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது” என்றும் சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலமே அவள் இதைப் போனில் கணவரிடம் புலம்பியிருக்கிறாள். நஸ்ருல்லா ஷார்ஜாவில், பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடிச் சுவர் மாட்டும் கம்பெனியில் ஃபோர்மேன். கல்யாணமான எட்டாவது மாதம் விமானம் ஏறியவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து நாற்பது நாள் இருப்பார். மகள் அஃப்ஷீன் பிறந்தபோதும் அங்கே. அவள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோதும் அங்கே. தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்க்காமல் ஒரு ஆணிகூட அடிக்காத மனிதர். வீடு சாய்கிறது என்று பெண்டாட்டி சொன்னால் தூக்கம் வருமா?

மூன்று மாதம் கழித்து, லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவரின் பெட்டியில், நான்கு பனியன்களுக்கு நடுவே சுற்றப்பட்டு ஒரு பழைய டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் பாலக்கரைக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘இனிமே மேடம்கிட்ட திட்டு வாங்காதே.’ அந்தச் சீட்டை அவள் லென்ஸ் பையின் உள் ஜிப்பில் போட்டு வைத்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. எடுத்துப் படிக்க மாட்டாள். இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்ப்பாள்.

அதன் பிறகு அவளிடம் நான் திட்ட எதுவும் இல்லாமல் போனது. ஸ்டுடியோவை விட்டாள். திருச்சியில் கட்டடம் வரைகிற எல்லோருக்கும் அவள்தான் படம் எடுத்தாள். ‘மேடம்’ போய் ‘மலரக்கா’ ஆனேன். முக்காலியை நிறுத்தி, அதன் தலையில் இருக்கும் ரசமட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சுவிடாமல் குனிந்திருப்பாள். அப்புறம் திருகை மெல்லத் திருகுவாள். லென்ஸைச் சாய்ப்பதற்கும் ஒரு தனித் திருகு உண்டு. அதைச் சாய்த்து உயரத்திலிருந்து எடுத்தால் ஊரே பொம்மை ஊராகத் தெரியும், பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி ஆகிவிடும். அஃப்ஷீன் கெஞ்சினால் மட்டும் அதைத் தொடுவாள்.

வீட்டுக்காரர்களைத்தான் பாடாய்ப் படுத்துவாள். “கொஞ்சம் தள்ளிக்குங்க, மறைக்குது” என்பது அவளுடைய பல்லவி. பாட்டி, பேரன், நாய், வேலைக்காரம்மா எல்லோரும் வெளியே. அறையில் ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது.

அம்மா மண்டபம் ரோடில் ஒரு வீடு. முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி. அதை நேருக்கு நேர் எடுக்க வேண்டும், ஆனால் எடுப்பவள் அதில் தெரியக் கூடாது. ஜஹானாரா கண்ணாடிக்கு எதிரே நிற்கவில்லை. ஒரு ஓரமாக, வெறும் சுவருக்கு நேரே முக்காலியை வைத்தாள். லென்ஸை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தினாள். படத்தில் கண்ணாடி நட்டநடுவே நின்றது. அதற்குள் எதிர்ச்சுவர், ஜன்னல், ஜன்னல் வெளிச்சம். ஆளைக் காணோம். அந்த வீட்டு மாமி படத்தைப் பார்த்துவிட்டு அசந்து போனார்.

“ஏன்டிம்மா, கண்ணாடிக்கு நேரே நின்னு எடுத்த மாதிரின்னா இருக்கு! நீ எங்கே போயிட்டே?”

“நான் எந்தப் படத்துலயும் இருக்க மாட்டேன் மாமி. அதுதான் என் வேலையே” என்று சிரித்தாள் ஜஹானாரா. நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவர்கள் சொந்த வீட்டுக் கதைக்கு வருகிறேன். பாலக்கரையில் ஒரு ஒடுக்கமான சந்தில், அவள் அம்மா வழியில் வந்த மனை. தரைத்தளம் மட்டும் போதும், அது முடிந்ததும் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நஸ்ருல்லா போனில் சொன்னதை நானே கேட்டேன். வரைந்து கொடுத்தேன். கட்டினோம். எதிர்வீட்டுக் கேட்டுக்குள் முக்காலி போட்டு, ஷிஃப்ட் லென்ஸை முழுக்க மேலே ஏற்றி, காலை வெயிலில் ஜஹானாரா அதைப் படம் எடுத்தாள். தன் வீடல்லவா, மூன்று நாள் வந்து வெளிச்சம் பார்த்து எடுத்தாள். சுவர்கள் நூல் பிடித்த மாதிரி நின்றன. மேலே நல்ல நீல வானம்.

நஸ்ருல்லா படத்தைப் பார்த்துவிட்டு அழைத்தார். “மாஷா அல்லாஹ்! என்ன அழகு!” என்றார். அப்புறம், “ஜஹானா, மேலே இன்னும் இடம் இருக்கே” என்றார்.

அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். முதல் மாடி எழுந்தது. அதையும் அவள் எடுத்து அனுப்பினாள். சாதாரணமாக எடுத்திருந்தால் உச்சியில் ஒடுங்கி, வீடு அத்தோடு முடிந்துவிட்டதாகத் தெரிந்திருக்கும். இந்த லென்ஸ் எதையும் முடித்து வைப்பதில்லை. அவருக்கு மறுபடியும் வானம் தெரிந்தது. பிறகு ஹாலை எடுத்தாள். இடது மூலை காலியாக இருக்கிறது, அங்கே ஒரு கண்ணாடி ஷோகேஸ் வைக்கலாம் என்றார். படுக்கையறையை எடுத்தாள், வலது சுவர் சும்மா கிடக்கிறது, சுவர் முழுக்க பீரோ அடித்து ஆளுயரக் கண்ணாடிக் கதவு போடலாம் என்று அங்கிருந்தே அளவு போட்டு அனுப்பினார். வீடியோ காலில் வந்தால் சலாம் சொல்லி முடித்த கையோடு, “பின்னாடி கேமராவுக்கு மாத்து, டைல்ஸைக் காட்டு” என்பார். அவள் முகம் போய்விடும், டைல்ஸ் வரும்.

இதில் என் பங்கும் உண்டு, ஒளிக்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் வரைந்து கொடுத்தவள் நான்தானே. கேட்டால் வரைவதுதான் என் பிழைப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த முதல் மாடிப் படம் என் ஆபீஸ் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் ஒரு மனிதர் கடல் தாண்டி இன்னும் இரண்டு வருடம், இன்னும் இரண்டு வருடம் என்று உட்கார்ந்திருக்கிறார் என்பது என் மண்டையில் ஏற வெகுகாலம் ஆனது.

மாடிப் படுக்கையறையில் யாரும் படுத்ததில்லை. அம்மாவும் மகளும் கீழே ஹாலில் பாய் விரித்துத்தான் தூங்குவார்கள். மேலே கட்டிலில் மெத்தை, கடைக்காரர் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. படம் எடுக்கும்போது உறையைக் கழற்றி விரிப்புப் போடுவாள். எடுத்து முடித்ததும் மறுபடி உறையை மாட்டி மடிப்பைச் சரிசெய்வாள். அவர் லீவுக்கு வரும்போதாவது கழற்றுவாயா என்று நான் கேட்டதற்கு, “நாப்பது நாளைக்கு எதுக்குக்கா? அவரும் கீழேயே படுத்துக்குவாரு. அப்ப கவரு தெரியாம மேலே விரிப்பைப் போட்டு மூடிடுவேன். நிரந்தரமா வர்ற அன்னிக்குப் பிரிக்கணும்னு நேந்து வச்ச மாதிரி வச்சிருக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாள். அன்று அவள் கண்ணைப் பார்த்தபோதுதான் ஏக்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது.

போன வருடம் மொட்டை மாடியில் ஒரு அறை. அதுதான் கடைசி என்றார் நஸ்ருல்லா. மாலையில் உட்கார்ந்து மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்க. முடிந்தது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறாரா இல்லையா என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். “படம் எடுத்து அனுப்பு, பாத்துட்டு முடிவு பண்றேன்” என்றிருக்கிறார்.

மறுநாள் ஜஹானாரா என் ஆபீசுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

“அக்கா, ஒரு வீட்டை அசிங்கமா எப்படிக்கா எடுக்கறது?”

எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னாள். “நான் நல்லா எடுக்க எடுக்க அவரு அங்கேயே இருக்காரு. நான்தான்க்கா அவரை அங்க கட்டிப் போட்டிருக்கேன். இந்தத் தடவை பாத்ததும் போதும்னு தோணணும். மேலே துளி வானம் தெரியக் கூடாது.”

இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தாளோ, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “சும்மா சாதா லென்ஸைப் போட்டு அண்ணாந்து எடு. வானமே வராம அறையோட உச்சியை ஒட்டி வெட்டு. வீடு குட்டையா, ஒடுங்கிப் போய்த் தெரியும்” என்று ஒரு மகா யோசனை சொன்னேன்.

அப்படியே செய்தாள். பல வருடமாக நேராகவே நிறுத்திப் பழகிய கை, சாய்த்து எடுக்க ரொம்பச் சிரமப்பட்டதாம். படத்தை அனுப்பினாள். அன்று பகலிலேயே எனக்கு ஷார்ஜாவிலிருந்து போன். எடுத்ததும் சலாம்கூட இல்லை.

“மேடம், இடது பக்கச் சுவரு உள்ள சாயுது. மேல் அறை பின்னாடி போகுது. அஸ்திவாரம் எறங்கிடுச்சா?”

“ஒண்ணும் இல்லைங்க. அது சும்மா படத்துல அப்படி…”

“மேடம், எங்கிட்ட மறைக்காதீங்க. ஜஹானா எடுத்தா சாயாது. இத்தனை வருஷத்துல அவ படத்துல ஒரு கோடு சாஞ்சு நான் பாத்ததில்ல. சாயுதுன்னா வீடுதான் சாயுது. சரி விடுங்க. நான் இன்னும் ரெண்டு வருஷம் போட்டுடறேன். சந்துக்குள்ள ஆளை எறக்கி அஸ்திவாரத்தைப் பலப்படுத்திடலாம்.”

பாருங்கள், என் மூளையின் லட்சணத்தை. வானத்தை மறைக்கப் போய் பூமியைத் தோண்ட வைத்துவிட்டேன். “நஸ்ருல்லா! அது நான் கட்டின வீடு. நேராத்தான் நிக்குது. உங்க தூக்குக்குண்டு வேணும்னா சாயும், என் வீடு சாயாது” என்று கத்தினேன். அவர் ஓரளவு நம்பினார்.

“அப்ப நல்ல படமா எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு ரூம்லதான் இருப்பேன். பாத்துட்டுச் சொல்றேன்.”

வெள்ளிக்கிழமை நானும் பாலக்கரைக்குப் போனேன். செய்த குற்றத்துக்குக் கூடவாவது நிற்கலாமே என்று. எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஜஹானாரா ஷிஃப்ட் லென்ஸை மாட்டினாள், குமிழியைப் பார்த்தாள், எடுத்தாள். வீடு நேராக, அழகாக நின்றது. அதற்கு மேலே, எவ்வளவு வெட்டினாலும் போகாத வானம். இறங்கினாள். மேல் அறையை எடுத்தாள், மாடிப்படியை எடுத்தாள். கடைசியாகப் படுக்கையறை.

சுவர் முழுக்க நஸ்ருல்லா அளவு போட்ட பீரோ. அதன் ஆளுயரக் கண்ணாடி. வழக்கம்போல அவள் ஒரு ஓரமாக, கண்ணாடிக்கு வெளியே, பீரோவின் வெறும் கதவுக்கு நேரே முக்காலியை வைத்தாள். லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். வ்யூஃபைண்டரில் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணாடிக்குள் அறை மட்டும், ஆளில்லாமல் சுத்தமாக இருந்தது.

அவள் எடுக்கவில்லை. வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, முக்காலியை இரண்டு அடி உள்ளே நகர்த்தினாள். குமிழியை மறுபடி சரிபார்த்தாள். இப்போது கண்ணாடியின் இடது ஓரத்தில் கேமராவும், கேமராவுக்குப் பின்னால் அவளும் தெரிந்தார்கள். மாவு பட்ட பழைய சுடிதார், தோளில் நழுவிய துப்பட்டா, காதோரம் நரை. வலது பக்கம் முழுக்கக் காலி. அங்கே கட்டில் மட்டும். விரிப்புப் போடலாம் என்று நான் பிளாஸ்டிக் உறையைக் கழற்றப் போனேன்.

“வேணாம்க்கா, இருக்கட்டும். கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றாள்.

தள்ளிக்கொண்டேன். எடுத்தாள். மற்ற படங்களை விட்டுவிட்டு அதை மட்டும் அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, லென்ஸ் பையின் உள் ஜிப்பை விரலால் தடவினாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது, போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஜஹானா, லென்ஸை நகர்த்த மறந்துட்டியா? நீயும் படத்துல விழுந்திருக்கே.”

“மறக்கலைங்க.”

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு மூலை விடமாட்டாரே.

“ஓரமா நிக்கிறே.”

“ஆமாங்க.”

“வலது பக்கம் அவ்வளவும் காலியா இருக்கே.”

அடுத்து என்ன கேட்பார் என்பது எனக்கு மனப்பாடம். அங்கே என்ன வைக்கலாம் என்பார், அளவு சொல்லு என்பார், முப்பதாம் தேதி கையெழுத்துப் போடுவார். போனைப் பிடுங்கித் திட்டலாமா என்றுகூட நினைத்தேன். ஜஹானாரா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெத்தையில கவரு இருக்கு” என்றார்.

“எப்பவும் இருக்குங்க. உங்களுக்குப் படம் எடுக்கறப்ப மட்டும் கழட்டுவேன்.”

“வாங்கின நாள்லேருந்தா?”

“ஆமாங்க.”

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் கையில் எடுத்தாள். அவர் இருந்தார். குரல்தான் வேறு யாருடையதோ போல் இருந்தது.

“அந்தக் காலி இடத்துல நான் வந்து நின்னா, படம் கெட்டுடுமா ஜஹானா?”

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கெட்டுடும்ங்க. பரவாயில்ல, வாங்க” என்றாள்.